படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த வேலைகள் இரண்டு. ஒழுகும் கட்டடத்தைச் செப்பனிடுவது ஒன்று. அலமாரிகளைப் புதுப் புத்தகங்களால் நிரப்புவது இன்னொன்று. இரண்டும் முடிந்தன. கட்டடத்தை எல்லோரும் வந்து பார்த்துவிட்டீர்கள், அதனால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். புத்தகத் தேர்வைப் பற்றித்தான் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன, சில கோபமாகவும். அவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் கட்டடம். நம்முடையது பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. உத்திரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசஞ்செடியின் வேர்தான் தளத்தின் மேல் பதித்த தட்டோட்டைப் பிளந்து தண்ணீருக்கு வழி விட்டிருந்தது. செடியை வேரோடு எடுத்து, அந்தப் பகுதியின் தட்டோட்டைப் பெயர்த்து, பழைய முறையிலேயே சுண்ணாம்புக் கலவையில் மறுபடி பதித்தோம். மேலே சிமென்ட் பூசிவிட்டால் சீக்கிரம் முடியும் என்றார்கள். சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உத்திரத்தை அரிக்கும் என்பதால் மறுத்துவிட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தரையோரம் துளையிட்டுக் கறையான் மருந்து விட்டாயிற்று. மர அலமாரிகளில் தேறாதவற்றைக் கழித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்பு அலமாரிகள் வைத்திருக்கிறோம். வாசலில் சாய்தளம், பின்புறம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. இதில் தச்சு வேலை இழுத்தடித்தது பற்றி எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே எழுதிப் பயனில்லை.

இனிப் புத்தகம்.

பலர் கேட்ட முதல் கேள்வி: வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அதிலிருந்து வாங்கக் கூடாதா? சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரி என்பது உண்மை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது, அரசு நூலகங்களுக்குச் செலவாகிறது. நம் படிப்பகம் உறுப்பினர் சந்தாவில் நடப்பது. அந்தப் பணம் நமக்கு வராது. ஆகவே முழுக்க முழுக்க உங்கள் நன்கொடைதான்.

அடுத்த கேள்விதான் பெரியது. நாங்கள் கேட்ட புத்தகங்களை விட்டுவிட்டு, கேட்காத புத்தகங்களை ஏன் வாங்கினீர்கள்? பரிந்துரை நோட்டில் எழுதியிருந்தவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள், மாலையில் செய்தித்தாள் படிக்க வருகிறவர்கள். அவர்கள் கேட்டது நியாயமானதே. ஆனால் நோட்டில் எழுதாதவர்கள் ஊரில் அதிகம். சீர்காழி மண்ணில் 1892-இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு இங்கே பொருந்தும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரே இன்னும் உள்ளே வரவில்லையென்றால் அவருக்குரிய நூலை யார் நோட்டில் எழுதுவது? புத்தக நிதியில் பாதியை வருகிறவர்களின் விருப்பத்துக்கும், மறுபாதியை வராதவர்களுக்கும் என்று பிரித்தோம். குழுவில் இருவர் இதை ஏற்கவில்லை. அவர்கள் எதிர்ப்பு நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

நோட்டில் அதிகம் பேர் கேட்டிருந்தது பொன்னியின் செல்வன். இருந்த ஐந்து பாகங்களில் இரண்டு காணாமல் போய் வெகுநாளாகிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. மலிவுப் பதிப்பு என்று வாங்கினால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. கேட்டவர்களோ கண்புரை அறுவை முடிந்தவர்கள். விலை கூடுதலானாலும் பெரிய எழுத்துப் பதிப்பை எடுத்தோம். திரைப்படம் பார்த்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அதைக் கேட்பதால் முதல் பாகம் மட்டும் இரண்டு பிரதி. முதல் பாகத்தைத் தாண்டுகிறவர்கள் குறைவு என்பது எங்கள் அனுபவம்.

புதிய நாவல், சிறுகதைகளில் சாகித்திய அகாதெமி பரிசுப் பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொண்டோம். பரிசு பெற்றதெல்லாம் படிக்கத்தக்கது என்ற நம்பிக்கையில் அல்ல. சண்டையைக் குறைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதிலும் எங்கள் கை சாய்ந்த பக்கம் உண்டு. சோ. தர்மனின் சூல் கரிசல் காட்டுக் கண்மாய்களின் கதை. ஆறும் வாய்க்காலுமாக வாழும் நமக்கு, மழையைத் தேக்கி வைத்துப் பிழைத்த ஊரின் தண்ணீர்க் கணக்கு புதிது. தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம், கொங்கு நாட்டு நாவிதர் குடும்பங்களை நடுவில் வைத்து எழுதியது. 2023-இல் பரிசு பெற்றது. பட்டியலுக்கு வெளியே எடுத்த பெருமாள்முருகனின் ஆளண்டாப் பட்சி, பாகப் பிரிவினையில் மனம் கசந்து புது நிலம் தேடி வண்டி கட்டிப் போகிறவனின் கதை. இந்த ஊரில் அது விளங்காத வீடு ஏது? இளம் எழுத்தாளர்களில் ராம் தங்கத்தின் திருக்கார்த்தியல் சிறுகதைகளும் வந்திருக்கின்றன. ஈழத்து, புலம்பெயர் எழுத்துக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறோம்.

கதையல்லாத நூல்களில்தான் நாங்கள் எதிர்பாராதது நடந்தது. காலை ஆறு மணிக்கே வந்து கடைசி மேசையைப் பிடித்துக்கொள்ளும் போட்டித் தேர்வு மாணவர்களை அறிவீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை புதிய பாடநூல்கள் ஒரு முழுத் தொகுதி அவர்களுக்காகவே வாங்கினோம். அலமாரிப் பக்கம் அவர்கள் திரும்புவதே இல்லை என்று பெரியவர்களுக்குக் குறை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908 நூலை அந்த மேசையிலேயே வைத்துப் பார்த்தோம். வ.உ.சி. பற்றிக் கேள்வி வரும் என்று ஒரு மாணவி எடுத்துப் புரட்டினார். குறிப்பெடுக்கும் நோட்டை முதலில் பக்கத்தில் வைத்திருந்தார், பிறகு மூடிவிட்டார். மூன்றாம் நாள் அதே வரிசையில் வேறு என்ன இருக்கிறது என்று எழுந்து வந்து கேட்டார். டோனி ஜோசப்பின் ஆதி இந்தியர்கள் தமிழாக்கம் இப்போது அந்த மேசையில்தான் சுற்றுகிறது. ஆர். பாலகிருஷ்ணனின் ஒரு பண்பாட்டின் பயணம், சிந்துவெளியையும் வைகைக் கரையையும் இணைத்துப் பேசும் பெரிய படநூல். விலையும் எடையும் கருதி வீட்டுக்குத் தரப்படாது.

விவசாயிகளுக்கு நம்மாழ்வாரின் உழவுக்கும் உண்டு வரலாறு இரண்டு பிரதி. பட்டா, சிட்டா, பத்திரப் பதிவு பற்றிய கையேடுகள், சர்க்கரை நோய்க்காரர்களுக்கான உணவு நூல்கள், தையல் நூல்கள் ஆகியவற்றை இலக்கியமா என்று ஒருவர் கேட்டார். இல்லைதான். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்கள் உள்ளே வரத் தொடங்கியது அந்தத் தட்டுக்காக. வந்தவர்களில் சிலர் சிறுகதைத் தொகுப்பும் சேர்த்து எடுத்துப் போகிறார்கள்.

குழந்தைகள் பகுதிக்குக் கண்டிப்பாக ஒன்று சொன்னோம்: அறிவுரைப் புத்தகம் வேண்டாம். உதயசங்கரின் ஆதனின் பொம்மை கீழடியைக் கதையாக்கியது. யூமா வாசுகியின் தன்வியின் பிறந்தநாள் கதைத் தொகுப்பு. இரண்டும் பால சாகித்திய விருது பெற்றவை. எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படநூல்கள். மெல்லிய படநூல்களில் ஸ்டேப்ளர் கம்பி நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். அதனால் கம்பியைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்து, மேலட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டே அலமாரியில் ஏற்றினோம். தடித்த நாவல்களும் பசை ஒட்டு விட்டுப் போவதற்கு முன்பே காலிகோத் துணி பைண்டிங் ஆகிவிட்டன.

பெரும்பகுதியைச் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவில் வாங்கினோம். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதை வைக்கும் இரும்பு அலமாரிக்கு 18 சதவீதம். இதை யாரிடம் சொல்லி அழுவது!

நன்கொடையாளர் பெயர் புத்தகத்தின் பின்னட்டை உட்புறத்தில் சிறிய சீட்டாக ஒட்டப்பட்டுள்ளது. முன்னட்டையில் உபயம் என்று போடச் சொன்ன அன்பர்களிடம் பணிவோடு மறுத்துவிட்டோம். புத்தகமாகத் தர விரும்புவோர் கவனிக்க: கறையான் அரித்தவை, பழைய வார இதழ்க் கட்டுகள், பழைய பாடத்திட்ட நோட்ஸ் ஆகியவற்றை இனி ஏற்பதற்கில்லை. புத்தகம் தின்னும் இராமபாணப் பூச்சி அப்படித்தான் உள்ளே வருகிறது.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்துடன் அறிவிப்புப் பலகையில் உள்ளது. ரசீதுகள் செயலாளர் மேசையில், யாரும் பார்க்கலாம். எஞ்சிய தொகையைத் தனிக் கணக்கில் போட்டிருக்கிறோம். அதைப் பார்வையற்ற வாசகர்களுக்கான ஒலிநூல் வசதிக்குச் செலவிடலாம் என்பது எங்கள் யோசனை; இன்வெர்ட்டர் வாங்கலாம் என்பது பொருளாளர் கருத்து. பொதுக்குழு தீர்மானிக்கட்டும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி மட்டும் இன்னும் வரவில்லை. இந்த வாரத்துக்குள் போட்டுவிடுவோம்.

ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், பதினைந்து நாள். பரிந்துரை நோட்டு இனிப் பெண்கள் பகுதியிலும் குழந்தைகள் பகுதியிலும் தனித்தனியாக இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்