'நோர்மல்' றிப்போட் இருந்தாலும் இரத்தம் பட்டால் டொக்டரிடம் போங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி நீங்கள் போட்ட கட்டுரை நல்லது. 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் அந்தப் புற்றுநோயை முன்கூட்டியே தேடும் பெப் பரிசோதனை செய்யச் சொன்னதும் சரி. ஆனால் ஒருமுறை செய்து நோர்மல் என்று வந்துவிட்டால் பயமில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

எங்கள் மாதர் சங்கத்துக்கு வரும் படுவான்கரை அக்கா ஒருவருக்கு, மாதவிடாய் நின்று எவ்வளவோ காலத்துக்குப் பிறகு இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. டொக்டரிடம் காட்டுங்கள் என்றால், கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த பழைய றிப்போட்டை எடுத்து நீட்டுகிறார். "எல்லாம் சரியெண்டுதானே எழுதிக் கிடக்கு புள்ள, பிறகென்னத்துக்கு?" மகள் அழுது பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனாள். இப்படி நினைப்பவர்கள் கல்முனையிலும் இருக்கிறார்கள், வாழைச்சேனையிலும் இருக்கிறார்கள்.

பெப் பரிசோதனையில் கருப்பைக் கழுத்திலிருந்து கொஞ்சம் கலங்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, காய முதலே மதுசாரத்தில் போடுகிறார்கள். கொஞ்சம் சுணங்கினாலும் கலங்கள் காய்ந்து உருக்குலைந்துவிடும். பிறகு ஆய்வுகூடத்தில் ஒருவர் ஆயிரக்கணக்கான கலங்களுக்குள் மாறிப்போன சிலதைக் கண்ணால் தேட வேண்டும். பழுதான இடத்தில் சுரண்டுபடாவிட்டால் அந்தக் கலம் கண்ணாடிக்கே வராது, எவ்வளவு கெட்டிக்காரர் பார்த்தாலும் தெரியாது. தவறிப்போகும் முடிவுகளில் பெரும்பங்கு இப்படி மாதிரி எடுக்கும்போதே தவறுவதுதான். ஒரு தடவைப் பரிசோதனை, புற்றாக மாறக்கூடிய மாற்றங்களில் பாதியைக்கூடப் பிடிக்காத ஆய்வுகளும் உண்டு, 80 சதவீதத்துக்கு மேல் பிடித்த ஆய்வுகளும் உண்டு.

அப்படியென்றால் ஏன் போகவேண்டும் என்று யாரும் நின்றுவிடக் கூடாது. இந்த நோய் பெரும்பாலும் 10, 15 வருஷம் எடுத்து மெதுவாக வருவது, அதனால் ஒருமுறை தப்பியது அடுத்த முறை பிடிபடும். 35இல் செய்தவர்களை 45இலும் கூப்பிடுவது அதற்குத்தான், ஆனால் அந்த இரண்டாவது தடவைக்கு எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் கிளினிக் வாசலை மிதிக்கிறார்கள்?

இன்னொன்று, பெப் பரிசோதனை நோயின் அறிகுறி ஒன்றும் இல்லாத பெண்களுக்கானது. உறவுக்குப் பிறகு இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைபடுதல், இவை இருந்தால் பழைய றிப்போட்டை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. உண்மையில் புற்று வந்த இடத்தில் இரத்தமும் அழற்சியும் கலங்களை மறைத்து, றிப்போட் பிழையாக நோர்மல் என்று வரவும் கூடும். டொக்டர் நேரில் பார்த்து, தேவைப்பட்டால் சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதேபோல 'மாதிரி போதாது' என்று வந்தால் அதை நோர்மல் கணக்கில் சேர்க்காமல் திரும்பவும் போய் எடுக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனையைத்தான் முதலில் செய்யச் சொன்னது, அது பெப்பைவிடக் குறைவாகவே தவறவிடும். கிழக்கில் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பிரிவிலும் அது கிடைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை கேட்டு எழுத வேண்டும். அதுவரை, பெப் எடுத்தவர்களின் முடிவைக் குடும்பநல மாதுமார் வீட்டுக்குப் போகும்போதே கையில் கொடுத்து, அடுத்த தடவை எப்போது என்று கொப்பியில் எழுதிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி