எமது மோட்டார் சைக்கிள் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கெங்கே போனோம், எந்த அருவியடியில் படம் எடுத்தோம் என்பதெல்லாம் உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது. அதை இங்கே திரும்ப வாசித்து உங்களை உட்கார வைக்கப் போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். இந்த வருடம் சங்கத்தின் நேரம் பெரும்பாலும் புதிதாக பைக் எடுத்தவர்களுக்கும் எடுக்க நினைப்பவர்களுக்கும்தான் போனது. அறிக்கையும் அவர்களைப் பற்றித்தான்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய பைக்குக்கே வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். 2022இல் வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்காக கியூஆர் கோட்டைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றோமே, அதுவும் ஞாபகம் இருக்கும். இறக்குமதி நின்றபோது பதின்மூன்று வயதில் இருந்த பிள்ளைக்கு இன்று பதினெட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் லைசனுக்கும் வண்டிக்கும் கிளம்பியிருக்கிறார்கள். தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணத்தை அப்படியே கொண்டுபோய் முதல் கட்டணமாகக் கட்டி லீசிங்கில் வண்டி எடுத்த பிள்ளைகளும் நம்மிடம் வந்தார்கள்.

இதே வருடத்தில்தான் மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். அதற்குப் பிறகு நம் தேயிலைத் தோட்டங்களில் அம்மாமார் நம்மைப் பார்த்த பார்வையே வேறு. "பஸ்ஸுக்கே இந்தக் கதி, நீங்க என்னடான்னா புள்ளைங்களுக்கு பைக்க பழக்கிக் குடுக்குறீங்க" என்று ஒரு அம்மா கோயில் வாசலில் வைத்தே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் டிவிசனில், இருக்கும் பிள்ளை டவுனில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் மாதச் சம்பளம் கரைந்துவிடும். நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் பைக் எடுக்கத்தான் போகிறார்கள். பழகி எடுக்கிறார்களா, பழகாமல் எடுக்கிறார்களா என்பதில்தான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது.

ஞாயிறு வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. முதல் பகுதி சுலபம். எழுத்துப் பரீட்சைக்குத் தமிழிலேயே கேள்விகளைப் படித்தோம், வீதிச் சமிக்ஞைகளைப் பாடமாக்கினோம். வைத்தியச் சான்றிதழ் எடுக்கப் போகும் முறையையும் சொல்லிக் கொடுத்தோம். ஒரு விசயத்தை மட்டும் இங்கே திரும்பச் சொல்கிறேன். 100 சிசி வரைதான் ஏ1 வகை லைசன். அதற்கு மேல் என்றால் ஏ வேண்டும். ஸ்கூட்டர்தானே என்று ஏ1 போதும் என நினைக்கிறார்கள். இங்கே ஓடுகிற ஸ்கூட்டரில் பெரும்பாலானவை 100 சிசியைத் தாண்டியவை. பிடிபட்டால் தண்டம் ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரரிடம் பேச வாய் இருக்காது.

சிக்கல் இரண்டாவது பகுதியில்தான். வண்டி பழக்கும் லேர்னர்ஸில் சமதரையில் எட்டுப் போடப் பழக்குகிறார்கள். ட்ரையல் என்கிற ஓட்டுப் பரீட்சையும் சமதரையில். எட்டுப் போட்டு, கால் ஊன்றாமல் வந்துவிட்டால் லைசன் கைக்கு வரும். அந்த லைசனோடு பிள்ளை முதல் நாளே இறங்குவது எங்கே? ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை என்று அவிசாவளை வரை ஏ7 பாதை ஒரே இறக்கம். ஏறுவதை யாரும் பழக்கித் தரத் தேவையில்லை. இழுக்காவிட்டால் வண்டியே நின்று சொல்லிவிடும். இறக்கத்தில் வண்டி எதையும் சொல்லாது, ஓடிக்கொண்டே இருக்கும். லேர்னர்ஸ் நடத்தும் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "ட்ரையல்ல அது இல்லையே அண்ணே" என்றார். அவர் பக்கத்தில் நியாயம்தான். ஆகவே அந்தப் பாடத்தைச் சங்கம் எடுத்துக்கொண்டது.

தோட்டத்து மேலாளர் துரையிடம் அனுமதி வாங்கி, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பாலத்தடி வரை போகும் ரோட்டை ஞாயிறு காலையில் நமக்கென்று எடுத்துக்கொண்டோம். கொழுந்து லொறி ஓடாத நேரம். ஒரே மாதிரியான இரண்டு பழைய பைக், இரண்டுக்கும் முன்னும் பின்னும் டிரம் பிரேக். இரண்டையும் ஓட்டியது நமது மூத்த உறுப்பினர்கள். ஒருவர் இரண்டாம் கியரில் போட்டு, அக்சிலேட்டரை விட்டு, எஞ்சினின் பிடியிலேயே இறங்கினார். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டார். மற்றவர் நம் ஊரில் பாதிப் பேர் செய்வதைச் செய்தார். நியூட்ரலில் விட்டு, பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். பாலத்தடியில் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு வண்டியின் பின் சக்கரத்தையும் மோந்து பார்க்கச் சொன்னோம். முதல் வண்டியில் சேற்று வாடைதான். இரண்டாவதில் பிரேக் லைனிங் கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. "இப்போ மிதிச்சுப் பாரு" என்று ஒரு தம்பியிடம் சொன்னோம். மிதித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மேலே புறப்பட்டபோது பெடலில் இருந்த இறுக்கம் இல்லை, முன்பைவிடக் கீழே அமுங்கியது. அந்த ரோடு சின்ன ரோடு. கினிகத்தேனை இறக்கம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று அவர்களே கணக்குப் போட்டார்கள்.

நியூட்ரலில் விடும் பழக்கம் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊன்றியது. சிலர் சாவியையும் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு மிடறு பெற்றோல். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு, இதுதான் நாம் சொல்லிக் கொடுத்த விதி. ஸ்கூட்டரில் கியர் கிடையாது, எஞ்சினின் பிடியும் குறைவு. அதனால் ஸ்கூட்டர்காரர் தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வராமல், பிடித்துப் பிடித்து விட வேண்டும். நீண்ட இறக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையைப் பார்த்து நிறுத்தினால் சக்கரமும் ஆறும், ஆளும் ஆறுவார்.

முன் பிரேக் பயம் இன்னொன்று. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சைக்கிள் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். நிறுத்தும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வருகிறது. பிடிப்பும் அங்கேதான். வண்டி நேராக இருக்கும்போது முன் பிரேக்கை மெதுவாகத் தொடங்கி இறுக்கினால் விழாது. வளைவில் சாய்ந்தபடி, அதுவும் தோட்டத்து ரோடு மெயின் ரோட்டில் வந்து சேரும் இடத்துச் சரளைக் கல்லில், வெடுக்கென்று பிடித்தால்தான் விழும். மழை தொடங்கிய முதல் சில நிமிடமும் அப்படித்தான். டீசலும் தூசியும் தண்ணீரில் குழைந்து வழுக்கும். கொஞ்சம் கழுவுப்படும் வரை ஒதுங்கி நின்றால் என்ன குறைந்துவிடும்?

ஹெல்மெட்டைப் பற்றி. வகுப்புக்கு வந்தவர்களின் ஹெல்மெட்டுகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பார்க்கவே பாவமாக இருந்தது. வார்ப் பூட்டு உடைந்து கயிற்றால் கட்டியது, உள் பஞ்சு உதிர்ந்து வெறும் கோதாக நின்றது, விழுந்து வெடித்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது. பொலிஸைப் பார்த்ததும் போடுவதற்கென்று வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கே உரிய தப்பு ஒன்றும் உண்டு. குளிருக்குக் கம்பளித் தொப்பியைப் போட்டு அதன்மேல் ஹெல்மெட் மாட்டுவது. தொப்பியோடு அளவு பார்த்து வாங்கிய ஹெல்மெட் தொப்பி இல்லாத நாளில் ஆடும். தொப்பியோடும் வழுக்கும். ஒரு தங்கச்சிக்கு வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, பின்னால் இருந்து மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தோம், ஹெல்மெட் அப்படியே கழன்று முன்னால் விழுந்தது. குளிர் என்றால் கழுத்துக்குத் துணி சுற்றுங்கள், நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகி. கைக்குக் கட்டாயம் கையுறை போடுங்கள். விறைத்த விரல் பிரேக்குக்குப் போய்ச் சேரப் பிந்தும்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டம். பின்னால் ஒருவர்தான் என்பதும் சட்டம். பாடசாலை விடும் நேரம் ஒரு அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஒரே வண்டியில் போவதைத் தினமும் பார்க்கிறோம். அதற்கு என்ன பதில் சொல்வது என்று குழுவில் நீண்ட நேரம் பேசினோம். பஸ் இல்லாத ரோட்டில் அந்த அப்பாவிடம் சட்டம் பேசிப் பிரயோசனம் குறைவு என்பது என் எண்ணம். பாடசாலை வேனுக்கு நாலு குடும்பம் சேர்ந்து காசு போட வழி பார்க்கலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

இந்த வருடம் மனம் நிறைந்தது பெண்கள் வகுப்பில். முன்பள்ளி ஆசிரியைகள், வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள், டவுனில் கடைகளில் நிற்பவர்கள் என்று வந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கு முதல் பாடம் வேகத்தைக் குறைப்பது என்றால் இவர்களுக்கு முதல் பாடம் ரோட்டில் தங்கள் இடத்தை எடுத்துக்கொள்வது. பஸ் ஹோர்ன் அடித்தவுடன் ரோட்டோரக் கான் பக்கமே போய்விடுகிறார்கள். அங்கேதான் கல்லும் சேறும் உடைந்த தார் விளிம்பும். உங்கள் பக்கத்தின் நடுவில் ஓட்டுங்கள், விட்டுக்கொடுக்க வசதியான இடம் வந்ததும் சிக்னல் போட்டு விடுங்கள் என்று பழக்கினோம். சாரித் தலைப்பும் சால்வையும் செயினில் சிக்காமல் இருக்க மெக்கானிக் பாஸ் ஒருவர் கராஜில் வைத்தே சாரி கார்ட் பொருத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவருக்குச் சங்கத்தின் நன்றி.

பனிமூட்டத்தில் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். லோ பீம் போதும். ஹெல்மெட் வைசரில் மூச்சாவி படிந்தால் உள்ளே லேசாகச் சவர்க்காரம் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். சரி, இதற்குமேல் பாடம் நடத்தவில்லை.

தீபாவளி விசயத்துக்கு வருகிறேன். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் யாருடைய வண்டியையாவது வாங்கிக்கொண்டு சுற்றுவார்கள். கொழும்பில் ஓட்டிய தைரியம் இருக்கும், வளைவு மறந்திருக்கும். அப்புறம் போத்தலும் சேர்ந்துவிடும். பண்டிகைக்கு முந்திய வெள்ளிக்கிழமைப் பூசைகளில், சில தோட்டக் கோயில்களில் நம்மவர்கள் எழுந்து ஒரே ஒரு விசயத்தைச் சொன்னார்கள்: சாவியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். விபத்து நடந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தப் பாலம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடிபட்டவரை மடக்கி ஆட்டோவுக்குள் திணிக்காதீர்கள். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். நடந்ததை இந்தச் சபைக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. சொந்தங்களை இழந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். வேன் போகாத இடங்களுக்கு மருந்தும் உலர் உணவும் நம்மவர்கள் பைக்கில் கொண்டுபோனார்கள். வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் நாங்களும் வருகிறோம் என்று நின்றார்கள். குழு மறுத்தது. மண்சரிந்த ரோட்டில் தார் மேலே நன்றாகத் தெரியும், அடியில் மண் போயிருக்கும். அந்த விளிம்பைப் பார்த்தே படிக்கத் தெரிந்தவர்கள்தான் போக வேண்டும். பிள்ளைகள் முகம் சுழித்தார்கள், ஆனாலும் பொதி கட்டும் வேலையை முழுதாகச் செய்தார்கள். அந்த மறுப்பு சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

இளைய உறுப்பினர்கள் கொடுத்த ஒரு யோசனை இன்றைய கூட்டத்துக்கு வருகிறது: சங்கத்தின் பெயரில் பைக் பந்தயம். நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்ற வாகனப் பந்தயம் 1934இலிருந்து வருகிறது, நமக்கும் ஆசை வராமல் இருக்குமா? ஆனால் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பந்தயக் கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது அதற்கென்றே அமைத்த தடம். தேயிலைக்கு நடுவில், ஆடு மாடு குறுக்கே வரும் ரோட்டில் நாம் எதை அமைக்கப் போகிறோம்? என் வாக்கு எதிராக இருக்கும். மெதுவாக ஓட்டும் போட்டி என்றால் முதல் ஆளாகக் கை தூக்குவேன். கால் ஊன்றாமல் யார் கடைசியாக வருகிறார் என்று பார்ப்போம், பழைய கைகள் பலர் அங்கே தோற்பார்கள்.

குருட்டு வளைவுகளில் கண்ணாடி வைக்கக் கேட்டு உரிய இடத்துக்குக் கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை, திரும்ப எழுதுவோம். சிவனொளிபாதமலைப் பருவகாலம் வெசாக் வரை இருக்கிறது. இரவில் மலையடிவாரத்து நல்லதண்ணிப் பக்கம் போகும் வெளியூர் பைக்காரர்களுக்கு நோர்வுட்டில் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைக்க முறை போட்டு ஆட்கள் தேவை. பெயரைக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள்.

அடுத்த வகுப்பு வரும் ஞாயிறு காலை. சொந்த வண்டி இல்லாதவர்களும் வரலாம். சங்கத்தின் ஹெல்மெட்டை இரவலாகக் கொண்டுபோனவர்கள் அன்றைக்காவது திருப்பித் தாருங்கள், புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அதுதான் இருக்கிறது. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்