மஸ்தான் பாட்டுக்குக் குடமும் கிதாரும் சேர உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவின் பாடல்களையும், இன்னொரு சூஃபிப் புலவரான குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளையும் (இரண்டடிப் பாடல்கள்) கிதார், ஊத் (அரபு நரம்புக் கருவி), தாயிரா (வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய பறை), வில்லுப்பாட்டுக் குடம் இவற்றோடு பாளையங்கோட்டையில் பாடிய இரவு நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் பாடியவர்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு மேடையில் உட்காராதவர்களுக்குச் சேர வேண்டியது. யார் என்ன செய்து கொடுத்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் மார்க்க அறிஞரான மேலப்பாளையத்து ஆலிம்சா. நரம்புக் கருவி விஷயத்தில் அவருக்கு ஒப்புதல் கிடையாது. அதை நேராகவே சொன்னார். ஆனால் பாடம் பிழைபடக் கூடாது என்பதில் எங்களைவிட அவருக்குத்தான் அக்கறை. பழைய அச்சுப் பிரதிகளில் சொற்கள் சந்தியோடு ஒட்டிக் கிடக்கும். ‘றகுமான்’ போல அரபுச் சொற்கள் தமிழ் எழுத்துக்கு வளைந்திருக்கும். அவற்றைச் சீர் பிரித்து, மூச்சு வாங்கக் கூடாத இடங்களைச் சிவப்பு மையால் குறித்துத் தந்தார். மெட்டுப் போடுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவில் ‘லா இலாஹ’ என்ற இடத்தில் தாளம் முடிந்து பாடகர் மூச்சு வாங்கினால், இறைவன் இல்லை என்பதோடு வரி நின்றுபோகும். ‘இல்லல்லாஹ்’ (அல்லாஹ்வைத் தவிர) வரை ஒரே மூச்சில் போக வேண்டும். அதற்கு மெட்டைத்தான் சுருக்க வேண்டும், சொல்லை வெட்டக் கூடாது. தமிழ்ச் சொல்லிலும் இதே கணக்குதான். குறிலை இழுத்தால் ‘மனம்’ மானமாகிவிடும். நீட்ட வேண்டிய சுரம் நெடில் மேலோ, ‘ம்’, ‘ன்’, ‘ல்’ மேலோ விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ‘க்’, ‘த்’, ‘ப்’ வரும் இடத்தில் குரல் தானாக நிற்கும், அங்கே நீட்ட முயலவே கூடாது.

தர்கா வளாகத்துக்குள் கருவிகள் வேண்டாம், மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரவு இஷா தொழுகை முடிந்த பிறகு தொடங்குங்கள் என்று சொன்னதும் அவர்தான். கூட்டம் மனவருத்தமில்லாமல் வந்து உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

தாயிரா கொண்டுவந்த பக்கீர் பாவாவுக்கு அடுத்த நன்றி. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் பாளை வரை காற்றில் ஈரம் ஏறும். ஆட்டுத்தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று பேசும். பாவா ஒரு சட்டியில் கரித்தணல் வைத்து, முழங்கை நீளம் தள்ளிப் பிடித்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே காய்ச்சினார். கிட்டே கொண்டுபோனால் நடுத்தோல் முறுகும், ஓரத்தில் ஆணியடித்த இடத்தில் கிழியும். காய்ச்சிய சுருதி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் என்பதால் இரண்டு தாயிரா வேண்டும்: ஒன்று கையில், ஒன்று சூட்டில்.

வேகத்தைக் கட்டிப்போட்டதும் பாவாதான். கண்ணியில் அடிக்கு நான்கு சீர். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு சுற்றுக்கு) ஓரடி வைத்தால், சீருக்கு இரண்டு எண்ணிக்கை சரியாக உட்காரும். நிமிடத்துக்கு 72 முதல் 80 எண்ணிக்கைக்குள் வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் போனால் ஒற்றெழுத்துகள் காணாமல் போகும். ‘பராபரமே’, ‘மனோன்மணியே’ என்று கண்ணி முடியும் இடம் நெடில். கூட்டம் சேர்ந்து பாட வேண்டியது அங்கேதான். அது முடிந்ததும் அரை ஆவர்த்தனம் காலியாக விட்டு, கிதாரும் ஊத்தும் அதற்குள் மட்டும் வாசித்தன. சொல் ஓடும்போது கருவி கொஞ்சுவது எங்களுக்குப் பிடிக்காது. பிடித்தவர்கள் உண்டு, அது அவர்கள் பாடு.

காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்யும் அக்கா குடம் தேர்ந்து கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சுண்டும்போது சத்தம் மந்தமாக அடங்கும். நன்றாக வெந்த குடம் கணீரென்று நிற்கும். தண்ணீர் ஊற்றிப் புழங்கிய குடம் உதவாது, சுவர் ஈரம் குடித்துவிடும். ஒரு சூளைக் குடங்களை வரிசையாக வைத்துத் தட்டிப் பார்த்தோம், ஒன்றுக்கொன்று சுருதி வேறு. எங்கள் ஷட்ஜத்துக்கு (ஆதாரமான ‘ஸ’) அரைக் கட்டை சுருதி கூடுதலாக ஒன்று நின்றது. மற்ற எல்லாவற்றையும்விட அதன் நாதம் நன்றாக இருந்தது. வில்லிசை அண்ணாச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “குடத்தை இழுக்க முடியாதுல்லா? நீங்க கூடிக்கிடுங்க.” கிதாரில் தந்திகளை ஒருசேர அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை ஒரு ஃப்ரெட் (கழுத்திலுள்ள ஒரு படி) ஏற்றினோம், பாடகர் இரண்டிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு வந்தார், தீர்ந்தது. வைக்கோல் சும்மாட்டில் குடத்தை இருத்தி, வாயில் மட்டையாலும் பக்கத்தில் நாணயத்தாலும் அண்ணாச்சி வாசித்தது பாஸ் கிதாருக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது. வில்லை மட்டும் அவரே வேண்டாம் என்றார். அதில் தொங்கும் மணிகள் ஓயாமல் குலுங்கி மெய்யெழுத்தை மூடிவிடும்.

கிதார், ஊத் வாசித்த தம்பிகளுக்கு நன்றி, குறிப்பாக வாசிக்காமல் விட்டவற்றுக்கு. சிந்துபைரவி ராகத்தில் இரண்டு காந்தாரமும் (‘க’ சுரம்) வந்து போகும். கிதாரில் மேஜர் கார்டோ மைனர் கார்டோ பிடித்தால் ஒரு காந்தாரம் நிலைத்துவிடும், பாடகர் மற்றதைத் தொடும்போது உரசும். அதனால் தந்திகளை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சேர்த்தார்கள். இதில் காந்தாரமே இல்லை, ஷட்ஜமும் பஞ்சமமும் (‘ப’) தான். இடையில் மூன்றாம் தந்தியில் மத்திமம் (‘ம’) கிடக்கும். வேண்டாத இடத்தில் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால் அதுவும் பஞ்சமமாகும். பெண்குரல் ஐந்து கட்டைக்கு ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ. பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி விருத்தங்களுக்குத் தாளமே இல்லாமல் இந்தச் சுருதியை மட்டும் மெதுவாக மீட்டினார்கள். தக்கலையில் ரஜப் மாத ஆண்டு விழாவில் விடிய விடிய அதைப் பாடிக் கேட்டவர்களுக்கு, அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது தெரியும்.

அரபு இசையின் ராகங்கள் போன்ற மகாம்களில் ஹிஜாஸ், குர்த் இரண்டும் நம் காதுக்குத் தொல்லையில்லை. குர்தின் சுரவரிசை தோடி ராகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பயாத்திதான் இடறும். அதன் ரிஷபம் (‘ரி’) நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் விழுகிறது. ஃப்ரெட் இல்லாத ஊத்தும் குரலும் அதைத் தொடலாம், கிதார் தொடக் கூடாது. தம்பி தொடவில்லை.

ஒலி அமைத்த அண்ணாச்சிக்கு: கிதாரில் பொருத்தியிருந்த பிக்கப் என்ற ஒலிவாங்கியைக் கழற்றச் சொன்னது சரி. தகரம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்த சத்தம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே ஓர் அடி தள்ளி மைக் வைத்ததும் மரமாகக் கேட்டது. துளைக்கு நேரே வைத்தால் குமுறும். குடத்து வாயிலிருந்து காற்று வெடித்து வரும் என்பதால் அங்கே மைக்கைச் சாய்த்தே வைத்தார். கல்யாண மண்டபத்துக் கிரானைட் தரையில் எதிரொலி அடங்க, கனத்த ஜமுக்காளங்களை விரித்தோம். பத்தமடைப் பாய் மேடைக்கு அழகு, எதிரொலிக்கு உதவாது.

மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர், சுக்குக் காப்பி போட்ட மதனிமார், நாற்காலி சுமந்த பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

ஆலிம்சா திருத்திய பாடமும் சுரக்குறிப்பும் நகலெடுத்து வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குடத்தை மட்டும் கேட்க வேண்டாம். ஆடி மாதக் கோயில் கொடைகள் தொடங்குகின்றன, அது வில்லிசை அண்ணாச்சியோடு போய்விட்டது.

அன்புடன்,
பாடியவர்களும் வாசித்தவர்களும்