ஒற்றைக்காலில் நிற்கிறேன்

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் பார்க்கும்போது திட்டு. இங்கே எல்லோரும் நலம். 

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் திரும்பிப் படுத்தேன், அறையே சுழன்றது. பக்கவாதம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். காது டாக்டர் சிரித்தார். உட்காதில் சுண்ணாம்புத் துகள்கள் உண்டாம். அதில் சில இடம்மாறி, தலை திரும்புவதை உணர்ந்து சமநிலை காக்கும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிட்டதாம். என் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, சில நிமிடத்தில் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார். என் மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்று நாற்பது வருடமாகச் சொல்கிறாயே, ஜெயித்துவிட்டாய்.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். ராபர்ட் பாரனி என்று ஒரு டாக்டர். காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண்கள் ஒரு பக்கமும், வெந்நீர் விட்டால் மறுபக்கமும் துடிப்பதைக் கவனித்து, அதற்குக் காரணமும் கண்டவர். 1914-க்கான நோபல் பரிசு அவருக்குத்தான். சேதி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு காதிலும் சமநிலை உணர்வை இழந்தவர்களை 2005-இல் ஜெர்மனியில் ஆராய்ந்திருக்கிறார்கள். மூளையில் நினைவுக்கும் வழி அறிவதற்கும் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் அவர்களுக்குச் சுமார் 17 சதவீதம் சிறுத்திருந்தது. கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில், 12 வாரம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு நினைவாற்றல் கூடியது. மூச்சுத் திறன் அப்படியேதான் இருந்ததாம், ஆக ஓடியாடியதால் வந்த பலன் இல்லை. கலந்துகொண்டவர்கள் நாற்பது பேர்தான். மறதி நோயே அண்டாது என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன்.

ஆனால் உன்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளியலறையில் வழுக்கியதிலிருந்து மாடிப்படி பக்கமே போவதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தும் பதில் போடாதது என் தப்பு, மன்னித்துவிடு. சேகர், பயந்து உட்கார்ந்தால் கால் தளரும், காதுக்கும் வேலை இருக்காது. அப்புறம் நிஜமாகவே விழுவாய்.

முதலில் டாக்டரிடம் காட்டு. அவர் சரி என்றால் சுவரோரமாக ஆரம்பி. கட்டைவிரலை நீட்டி, பார்வையை அதிலேயே வைத்து, தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டு. கொஞ்சம் கிறுகிறுக்கும், அதுதான் பயிற்சி. அப்புறம் ஒரு குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து ஒரே கோட்டில் நட. கண்ணை மூடிச் செய்யும் வீரமெல்லாம் இப்போது வேண்டாம்.

நான் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிறேன். "கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்படித்தானே நிற்கிறீர்கள்" என்கிறாள் கமலா. வலது காலில் 22 வினாடி, இடது காலில் வெறும் 6.

உன் கணக்கை எழுதி அனுப்பு. கூட்டிச் சொல்வாய் என்று தெரியும், அதனால் விஜயாவை மணி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
ரகு