போட்டோவுக்குக் கீழே நீ எழுதியது

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். தாராவியில் விடாத மழை, கடைக்கு ஆள் வரவில்லை.

நீ ரத்தம் கொடுத்த போட்டோவைச் சித்தி மகள் கொண்டுவந்து காட்டிப் பத்து நாளாகிறது. அதற்குப் பிறகு நீ இரண்டு தடவை போன் பண்ணினாய், நான் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதே.

முதலில் சாப்பாடு. உன் எடை 55 கிலோ தாண்டாது, அதனால் 350 மில்லிதான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் போட்டோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. தில்லியில் போய் ஆட்டுச் சுவரொட்டி எந்தக் கறிக்கடையில் கேட்பாய்? ஐஎன்ஏ மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கிடைக்கும், வாரம் இரண்டு தரம் வாங்கிச் சமை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச் சத்து உடம்பில் சேராது. அடுத்தது நாலு மாசம் கழித்துத்தான், பெண்களுக்கு அதுதான் கணக்கு. யார் கூப்பிட்டாலும் முந்திப் போய்விடாதே.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன், அதுவும் நிஜம். நம் வீட்டில் ஊசிக்குப் பயப்படாத ஆள் நீ ஒருத்திதான் தாயி. எனக்கு அது பெருமைதான்.

ஆனால் போட்டோவுக்குக் கீழே எழுதினாயே, ‘அன்று அம்மாவுக்காக அப்பா, இன்று நான்’ என்று. அதைப் படிக்கக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அன்று நான் கொடுக்கவில்லை.

1996-ல் நீ பிறந்த ராத்திரி அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் கேட்டார்கள். ஒன்றை உன் மாமா கொடுத்தார். இன்னொன்றுக்கு நான் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றேன். மாமா கையிலிருந்து குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன், கால் தானாக வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருத்தன் குந்தியிருந்தான். ரத்தம் விற்கிறவன். அந்தக் காலத்தில் அப்படி ஆட்கள் உண்டு. முழங்கை மடிப்பில் தோல் காய்ப்புக் காய்த்து, புள்ளி புள்ளியாக ஊசித் தடம். நகமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நானூறு கேட்டான். உள்ளே உன் அம்மா கிடக்கிறாள், நான் அவனிடம் பேரம் பேசி முந்நூறுக்கு முடித்தேன். முதலில் ஒரு வடாபாவ் வாங்கிக் கொடு என்றான். அவன் தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு, என் தம்பி என்று சொல்லி உள்ளே அனுப்பினேன்.

அம்மா கண் விழித்ததும் “யார் கொடுத்தது?” என்று கேட்டாள். நான் என்று சொன்னேன்.

1998 ஜனவரியிலிருந்து காசுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்ததைப் பேப்பரில் படித்தபோது வயிறு கலங்கியது. அவனுக்கு என்ன நோய் இருந்ததோ என்று வருஷக்கணக்காகப் பயந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தாலே நான் டாக்டரிடம் ஓடினது அதனால்தான். நீங்கள் அதைப் பாசம் என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு ரத்த வங்கிக்குப் போனேன். வயசு 61 என்றேன். “முன்னால் கொடுத்திருக்கீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள். கொடுத்திருந்தால் 65 வரை எடுப்பார்களாம், முதல் தடவை என்றால் 60-க்குள் இருக்க வேண்டுமாம். இல்லை என்றேன். அப்போ முடியாது அங்கிள் என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ போனில் எதுவும் கேட்டுவிடாதே. தீபாவளிக்கு நீ வந்ததும் உன்னை வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன். டிக்கெட் இப்போதே போட்டுவிடு.

கருப்பட்டி இரண்டு கிலோ அனுப்பியிருக்கிறேன். பாலில் போட்டுக் குடி, டீயில் போடாதே.

அப்பா