அந்த 150 சொற்களைத் தமிழிலும் தாருங்கள்

காப்புரிமைத் (பேட்டன்ட்) துறையின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும், கிண்டி அலுவலகத்தில் விண்ணப்பங்களை ஆராயும் அதிகாரிகளுக்கும் வணக்கம். காப்புரிமை விண்ணப்பத்தோடு வரும் சுமார் 150 சொல் சுருக்கத்தைத் தமிழிலும் வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மேட்டூர் பக்கம் ஃபிளை ஆஷ் கல் போடும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறேன். அனல்மின் நிலையச் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், எம் சாண்ட், தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு. எங்கள் மேஸ்திரிக்கு இதில் 20 வருடப் பழக்கம். கலவையை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். உருண்டை உடையாமல் நின்று, கையில் ஈரம் ஒட்டாமல் இருந்தால்தான் மெஷினுக்குப் போகும்.

போன மாதம் எங்கள் தொழில் சம்பந்தமான, காலாவதியான ஒரு காப்புரிமையின் விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை எப்படிச் செய்வது என்று எழுதிக் கொடுத்த ஆவணம், கிடைத்தது. இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் முழுக்க ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த மேஸ்திரி நடுவில் நிறுத்தி, "இவங்க சொல்றது உலர் சாம்பலா, குட்டையில கிடந்த ஈரச் சாம்பலாம்மா?" என்றார். அவள் மறுபடி முதலிலிருந்து தேடினாள். அதில் இல்லை. சாம்பல் மாறினால் தண்ணீர் அளவே மாறிவிடும், அப்புறம் எழுதியிருக்கும் கணக்கை வைத்து என்ன செய்வது?

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவைப் பாருங்கள். அந்தத் தொழிலில் சராசரித் திறமையும் சராசரி அறிவும் உள்ள, இந்தியாவில் இருக்கும் ஒருவர் படித்துச் செய்துபார்க்க முடியாதபடி விவரம் எழுதப்பட்டிருந்தால், காப்புரிமையை ரத்து செய்ய அதுவே ஒரு காரணம். 20 வருடத் தனியுரிமை கொடுப்பதே செய்முறையை ஊருக்குச் சொல்வதற்காகத்தான். எங்கள் மேஸ்திரியைவிட அந்த "ஒருவர்" வேறு யார்? அவர் கைக்குப் போய்ச் சேராத விவரம் வெளியானதாக எப்படிச் சொல்ல முடியும்? 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதியதை அவர் ஊர்க் கொத்தனார்கள் தங்கள் மொழியிலேயே படிக்க முடிந்தது.

இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்யும் என் மச்சானுக்கும் இதே கதைதான். சர்க்யூட் படத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார், ஆனால் படத்தில் 14 என்று குறித்திருப்பது எதற்கு என்பது ஆங்கிலப் பத்திக்குள் இருக்கிறது. மென்பொருளில் வேறு மாதிரிச் சிக்கல். நம் நாட்டுக் கணித அறிஞர் நரேந்திர கர்மார்க்கர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1984இல் வெளியிட்ட கணித முறைக்கு அமெரிக்காவில் 1988இல் காப்புரிமை கிடைத்தது. நம் சட்டத்தின் 3ஆம் பிரிவோ கணித முறைக்கும் அல்காரிதத்துக்கும் (கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) காப்புரிமை கிடையாது என்கிறது. இது சரியான பிரிவு, எதற்காகவும் தளர்த்தாதீர்கள். ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை உதாரணங்களோடு தமிழில் போட்டால், ஊர்ப்பக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வீணாகப் பணம் கட்ட மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பு பெரிய வேலை என்று சொல்வீர்கள். தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி என ஐந்து மொழிகளில் மாற்றி வெளிநாட்டுக் காப்புரிமை அதிகாரிகள் படிக்க வைத்தது நம் அரசுதானே? அதே வழியில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பியும் வரலாம்.

முழு விவரமும் இப்போதே கேட்கவில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் சுமார் 150 சொல்லில் ஒரு சுருக்கம் தருகிறார்கள் இல்லையா, அதை முதலில் தமிழில் போடுங்கள். காப்புரிமைகளில் காலம் முடிந்தவற்றையும், புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் பாதியில் விழுந்தவற்றையும் தொழில்வாரியாகப் பட்டியலிடுங்கள். கட்டுமானப் பொருட்களிலிருந்து ஆரம்பித்தால் நல்லது. மொழிபெயர்த்ததைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் மேஸ்திரி வரத் தயார், நானே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு ஓய்வு.

இப்படிக்கு,
மேட்டூரிலிருந்து ஒரு கல் யூனிட்காரர்