ஆங்கில வகுப்பில் ஐந்து நிமிடத் தமிழ்: மலேசியக் கல்வி அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் தாங்கள் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்து, ஐந்தாம் ஆண்டு ஆங்கில வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆசிரியை ஏதோ ஒன்றைத் தமிழில் விளக்கத் தொடங்கினார். தாங்கள் பாதியிலேயே நிறுத்தினீர்கள். அப்புறம் அலுவலகத்தில், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று அவரிடம் சொன்னீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் எது மறையும்?

பாதியில் நின்ற அந்த விளக்கம் என் வீட்டில் வந்து முட்டியது. பத்து வாக்கியங்களைக் கேள்வியாக மாற்றும் வீட்டுப்பாடத்தில் மகளுக்கு எட்டுத் தப்பு. 'டிட் ஹி வென்ட்', 'டிட் தே கேம்' என்றே எழுதியிருந்தாள். சிவப்பு மையில் 'கோ', 'கம்' என்று திருத்தம் இருந்தது, ஏன் என்று இல்லை. அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. "ம்மா, நேத்து நடந்ததைத்தானே கேக்குறேன்? வென்ட் போட்டா ஏன் தப்பு?" என்றாள்.

நியாயமான கேள்வி ஐயா. தமிழில் 'போனாயா' என்றால் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருக்கிறது, கடைசியில் ஓர் 'ஆ' சேர்ந்தால் கேள்வி. மலாயில் முடிந்துவிட்டது என்று காட்ட முன்னால் 'சுடா' போட்டால் போதும், போவதைச் சொல்லும் 'பெர்கி' அசையாமல் நிற்கும். ஆங்கிலத்தில்தான் காலத்தை டிட் வாங்கிக்கொள்கிறது, வினை வெறும் 'கோ'வாகிவிடுகிறது. மூன்று மொழிக்கு நடுவில் நிற்கும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

செம்பனைக் குலை வெட்டிவிட்டு வரும் அவள் அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பள்ளி விட்ட பிறகு ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்: "போனேன் என்போம். ஆனால் போனவில்லை என்று சொல்வோமா? போகவில்லை என்றுதானே சொல்கிறோம். இல்லை வந்ததும் 'போன' போய் 'போக' ஆகிறது. டிட் வந்ததும் வென்ட் போய் கோ ஆவதும் அப்படித்தான்." அவ்வளவுதான். அன்றிரவே மகள் பத்தையும் சரியாக எழுதினாள். தமிழ்ப்பள்ளியில் தமிழ் பேச ஓர் ஆசிரியை சுற்றும் முற்றும் பார்க்கிறார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இலக்கணம் விளக்க ஐந்து நிமிடம் தமிழ் பேச அனுமதி தாருங்கள். மீதி நேரம் முழுக்க ஆங்கிலமே நடக்கட்டும்.

ஆங்கிலத்துக்காக நீங்கள் எல்லாரும் எங்களை வைத்துச் செய்யாத சோதனை உண்டா? 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று வந்தபோது நான் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று, அதாவது முதல் ஆண்டு. 2009இல் அது வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2018இல் ஆங்கிலப் பாடத்துக்கு ஐரோப்பியத் தரம் என்றார்கள், வெளிநாட்டுப் பாடநூல் வந்தது. திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, டிட் மட்டும் யாருக்கும் புரிந்தபாடில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாங்களே எங்களைப் பார்த்து, 'டிட் யூ ஆல் ரிசீவ்ட் த லெட்டர்' என்று கேட்டீர்கள். பக்கத்தில் இருந்த மகள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. அடுத்த வாரம் 'ஹூ கேம்', 'வாஸ் ஹி' பாடமாம். அங்கே டிட் வராது. ஏன் வராது என்று மகள் கேட்பாள். அதற்கும் ஆசிரியையை நான் செம்பனை மரத்தடிக்குக் கூட்டிப் போக வேண்டுமா? ஐந்து நிமிடத் தமிழுக்குத் தடையில்லை என்று தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு மாணவியின் தாய்